கேட்காதவர் தள்ளுபடி

பாலிசி இன்று நள்ளிரவோடு முடிகிறது.
மணி பத்து நாற்பது.
மயூர் விஹார் நாய்கள்
யாரோ போட்ட கோணிக்குள் சுருண்டுவிட்டன.

கைப்பேசியில் இரண்டு கட்டங்கள்.
நான் யாரையாவது இடித்தால், அவருக்கானது முதலாவது.
அவர்களே டிக் அடித்திருக்கிறார்கள், எடுக்க முடியாது, சட்டம்.
என் வண்டிக்கே ஏதாவது ஆனால் என்பது மற்றது.
அது என் இஷ்டமாம்.

அரோரா போனில் சொன்னார்:
"ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுதானே மேடம்,
ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் போச்சு."
என்னை வெளியே சாப்பிடுகிறவளாக
அவர் நினைத்ததில் ஒரு சின்ன சந்தோஷம்.

கரண்டு பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
வண்டிக்கு வயது பதின்மூன்று.
போன வருஷம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்,
இந்த வருஷம் தொண்ணூற்றிரண்டாயிரம் என்று
வந்து பார்க்காமலே யாரோ விலை வைத்திருக்கிறார்கள்.
தில்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்துதான் ஆயுசு.
ஆக, இன்னும் இரண்டு பனிக்காலம்.
முன் பம்பர் உடைந்தால் எட்டாயிரம்.
பழைய பிளாஸ்டிக் என்று பாதியைக் கழிப்பார்கள்,
என் பங்கென்று ஆயிரம் பிடிப்பார்கள்,
மிச்ச மூவாயிரத்தை வாங்கிய கையோடு
தள்ளுபடி போய்விடும்.

தள்ளுபடி ஐம்பது சதவீதம்.
எதற்கென்றும் போட்டிருந்தது:
இத்தனை வருஷம் எதுவும் கேட்காமல் இருந்ததற்கு.

அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கேட்கவில்லைதான்.
லக்ஷ்மி நகர் மெட்ரோவுக்கடியில்
கொய்யாப்பழத் தள்ளுவண்டி கதவில் கோடிழுத்தபோது
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.
பந்தல்காரர்கள் மூங்கிலைக் கூரைமேல் சாய்த்தபோது
கல்யாண வீடு, போகட்டும் என்றிருந்தேன்.
கர்க்கர்டூமா கோர்ட்டு பார்க்கிங்கில்
எவனோ பின்பக்கத்தை நசுக்கிவிட்டுப் போனபோது
நான் மாடியில் இருந்தேன்.
வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார்:
"வீட்டில் பங்கு? மாசம் ஒரு தொகை?
எதுவுமே வேண்டாமா?"
வேண்டாம் என்று ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
வண்டி முதலிலிருந்தே என் பெயரில் இருந்தது.
அங்கே யாரும் தள்ளுபடி தரவில்லை.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு
இரண்டாவது டிக்கை எடுத்தேன்.
'பாதுகாப்பில்லாமல் இருக்கப் போகிறீர்கள்,
நிச்சயம்தானா?' என்றது திரை.
இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டு நாளாயிற்று.
ஆம் என்றேன்.
சம்பக் வாலி என்பவர் பெயருக்குக் காகிதம் வந்தது.
செண்பகவல்லி என்று திருத்தச் சொல்லி
அரோராவிடம் பதின்மூன்று வருஷமாக
அதையும் கேட்கவில்லை.

காலையில் பனிமூட்டம்.
முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு
ஊர்ந்தோம் எல்லோரும்.
பட்பர்கஞ்ச் திருப்பத்தில்
பேட்டரி ரிக்‌ஷா ஒன்று இடப்பக்கம் உரசி நின்றது.
உள்ளே யூனிஃபார்மில் ஆறு பிள்ளைகள்,
ஆறு பேரும் என்னையே பார்த்தார்கள்.

இறங்கினேன்.
பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவை.
அவன் மஃப்ளரை அவிழ்த்தான்,
கட்டைவிரலை எச்சில் தொட்டுக் கதவைத் தேய்த்தான்.
பாதிக் கோடு மறைந்தது.
"மீதி பழசு மேடம், சத்தியமா என்னுது இல்லை."

குனிந்து பார்த்தேன்.
நிஜம்தான், கொய்யாப்பழ வண்டியின் கோடு அது.
பின்னால் ஹாரன்கள் கத்தின.

"சரி," என்றேன்,
"அந்தப் பழசையும் கொஞ்சம் தேய்."